ஊசி தெரியுதுங்களா?

என் மனைவியின் வலது கையில் உணர்ச்சி போனது ஒரு காலை நேரத்தில், தறி ஓடிக்கொண்டிருந்தபோது. சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலைந்து விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். பாவு நூலில் ஓர் இழை அறுந்துவிட்டது. அவள் தறியை நிறுத்திவிட்டு, குனிந்து அதைப் பிணைக்கப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது அவளுக்கு. அன்று விரல்கள் நூலைப் பிடித்தன, ஆனால் பிடித்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கையையே வெறித்துப் பார்த்தபடி நின்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மற்ற தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

தறிக்கொட்டகைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் முகத்தைப் பார்த்தே பேசிக்கொள்வோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என் முகத்தைப் படித்த அளவுக்கு நான் செய்தித்தாளைக்கூடப் படித்ததில்லை. எனக்குப் பசிக்கிறதா, நூல் வரவில்லை என்று எரிச்சலா, யார் மேலாவது கோபமா, எல்லாவற்றையும் கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்பதால் அவளுக்கு இந்தப் படிப்பு நன்றாகவே கைவந்திருந்தது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தப் பழக்கம்தான் காரணம், அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம், மூளைக்குள் ஆழத்தில் ஒரு சின்ன இடத்தில் ரத்தம் அடைத்திருக்கிறது என்றார்கள். அன்று கூடவே வந்த நாக்குக் குழறல் சில வாரங்களில் தெளிந்தது. இழுத்துக்கொண்ட காலும் சரியாகிவிட்டது. கையிலும் பலம் திரும்பியது. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பிடித்திருப்பாள், கண்ணை எடுத்தால் டம்ளர் தரையில் கிடக்கும். மகள் வீட்டுப் பேரன் வந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தால், குழந்தை இழுக்கிறான் என்பதையே திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், கைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்.

"ஆரோட கையையோ தூக்கிட்டுத் திரியறாட்டம் இருக்குதுங்க" என்றாள் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே. அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அன்னூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள்தான் அக்குபங்சர் மேடத்தைப் பற்றிச் சொன்னாள். எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் பக்கம் ஊசியே இல்லாமல் விரலை வைத்துத் தொட்டுவிட்டு, "மாத்திரையெல்லாம் குப்பையில போடுங்க" என்று அனுப்புகிற ஆட்களையும் அக்குபங்சர் என்றுதான் சொல்கிறார்கள். அப்படி மாத்திரையை நிறுத்திவிட்டுப் படுக்கையில் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். "இந்த அம்மா அப்படி இல்லீங்கப்பா, ஒருக்கா போய்ப் பாருங்க" என்று மகள் போனிலேயே மல்லுக்கட்டினாள். சரி, பார்த்துவிட்டுத் திட்டலாம் என்று கிளம்பினேன்.

கோவையில், சாயிபாபா காலனிப் பக்கம் ஒரு வீட்டின் முன்பகுதிதான் கிளினிக். நடுவில் திரை போட்டுப் பிரித்த மூன்று கட்டில்கள். அறையில் மாசிபத்திரி எரித்த வாசனை. அந்த இலையைக் காயவைத்து இடித்து, சுருட்டு மாதிரி சுற்றிக் கொளுத்தி, அந்தச் சூட்டைத் தோலுக்கு அருகே காட்டுவார்களாம். மேடத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். சென்னையில் படித்துவிட்டுச் சீனாவுக்கும் போய்ச் சில மாதம் பயிற்சி எடுத்தவர் என்று மகள் சொல்லியிருந்தாள். பேச்சு என்னவோ எங்கள் ஊர்ப் பேச்சுத்தான். என் மனைவியை முதல் வார்த்தையிலேயே அக்கா என்றார்.

அன்று அவர் ஊசியையே எடுக்கவில்லை. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லி அதன் நிறத்தைப் பார்த்தார். பிறகு எங்களை உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தார். உயிர்ச்சக்தி உடம்பில் பன்னிரண்டு பாதைகளில் ஓடுகிறது என்பது சீனர்களின் பழைய எண்ணம். நிழலும் வெயிலும் போல எதிரெதிரான இரண்டு தன்மைகள் சமமாக இருந்தால் ஓட்டம் சீராக இருக்கும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பூதத்தைச் சொல்கிறார்கள். ஓட்டம் அடைபட்ட இடத்தில் வலி வரும், அல்லது மரத்துப்போகும். பக்கவாதத்தைக் காற்று அடித்த நோய் என்கிறார்கள் அவர்கள். நாமும் வாதம் என்று சொல்வது காற்றைத்தானே என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் என் வாய் அடங்கியது.

கையில் இருக்கும் புள்ளிகளைக் காட்டினார். விரல் நுனியில் இருப்பவற்றுக்குக் கிணறு என்று பெயர். அங்கிருந்து மேலே வர வர ஊற்று, ஓடை, ஆறு, முழங்கை வந்தால் கடல்.

"எங்கூட்டுக் கெணத்துல மோட்டாரப் போட்டா காத்துத்தானுங்க வருது. இந்தக் கெணத்துல என்ன வரப் போகுது?" என்றாள் என் மனைவி.

மேடம் சிரித்துவிட்டார். "வருமுன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேனுங்க அக்கா. இந்தப் பாதையெல்லாம் ஸ்கேன்ல தெரியறதில்ல. பழைய காலத்து ஆளுங்க பாத்துப் பாத்து எழுதிவெச்சதுங்க. முயற்சி பண்ணிப் பாக்கலாம். ஆசுபத்திரி மாத்திரைய மட்டும் ஒரு நேரங்கூட உட்டுப்போடாதீங்க."

இன்னொன்றும் சொன்னார். மரத்த கைக்குச் சூடு காட்டவே கூடாது. உணர்ச்சி வரும்வரை அடுப்புப் பக்கம் போகக் கூடாது. அதனால் வீட்டில் சமையல் என் தலையில் விழுந்தது. நான் வைத்த ரசத்தைப் பற்றி என் மனைவி சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

வாரத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறினோம். சோமனூரிலிருந்து காந்திபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ். ஊசி தலைமுடி கனம்தான் இருக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று. குத்தியதும் மேடம் ஊசியை இரண்டு விரலால் மெதுவாகத் திருகுவார். நோயாளிக்கு அங்கே ஒரு கனம், ஓர் இழுப்பு, ஒரு விறுவிறுப்பு தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் சக்தி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததாக அர்த்தம். அவர்கள் வைத்தியத்தில் அதுதான் உயிர். கையைப் பார்க்காமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒவ்வோர் ஊசிக்கும் கேட்பார்.

"ஊசி தெரியுதுங்களா அக்கா?"

"தெரியலீங்க."

இதையே வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் படுத்திருப்பார். பாக்கு வியாபாரி. தோள்பட்டை இறுகிப்போய் கை தூக்க முடியாமல் வந்தவர். அவருக்கு ஊசி வைத்தால் ஊருக்கே கேட்கும். "எறும்பு ஊர்றாட்டம் இருக்குதுங்க மேடம்! இப்பக் கனக்குது! அப்படியே மேல இழுக்குது, கரண்டு இழுக்கறாட்டம்!" என்று வர்ணனை நடக்கும். எனக்கு அந்த மனிதரைப் பார்த்தாலே பொறாமையாக இருந்தது. அடுத்தவன் வலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள். மேடம் வழக்கம்போல ஊசி வைத்தார். வழக்கம்போலக் கேட்டார். என் மனைவி வழக்கம்போல நான் உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"என்னமோ எறும்பு ஊர்றாட்டம் இருக்குதுங்க" என்றாள்.

மேடத்தின் கை அப்படியே நின்றது. அடுத்த ஊசியை வைத்தார். "இப்பங்க?"

"கனக்குதுங்க."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். மேடம் அவளைச் சோதிக்கவும் செய்தார். ஊசியை வைப்பது போலப் பாவனை காட்டி, வைக்காமல் கேட்டார். "இப்பத் தெரியலீங்க" என்றாள். வைத்ததும், "ஆமாங்க, இப்பத் தெரியுது" என்றாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. திரைக்குப் பின்னால் இருந்து பாக்கு வியாபாரி, "நல்லதுங்கம்மா, நல்லது" என்று குரல் கொடுத்தார்.

அன்று காந்திபுரத்தில் இறங்கியதும் அவளை ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெய் ரோஸ்ட் சொன்னேன். பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசினேன். தறியில் நின்று பழகியவன் சாதாரணமாகப் பேசுவதே குறைவு, பேசினாலும் கத்துவேன். அன்று சிரித்துச் சிரித்துப் பேசினேன். கொட்டகைக் கூரை ஓடுகளை மாற்றிவிடலாம், அவள் மறுபடி கொட்டகைக்கு வந்ததும் புதிதாக ஒரு தறி போடலாம், பேரனுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எல்லோருமாக ஊட்டிக்குப் போகலாம் என்றெல்லாம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு வந்த மாதங்களைப் போல எங்கள் வாழ்க்கையில் நல்ல காலம் இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை. கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் இப்படிச் சேர்ந்து சுற்றியதில்லை, அப்போது தறிக்கு விடுமுறை ஏது? இப்போது கிளினிக் நாள் என்றால் காலையிலேயே குளித்து நல்ல சேலை உடுத்தித் தயாராகிவிடுவாள். பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் காசு கேட்டால், "ஆம்பளைன்னா செலவுதானுங்க" என்று என்னைக் கேலி செய்வாள். போகும்போது பேச்சு, வரும்போது டிபன். ஒவ்வொரு முறையும் ஊசி தெரிந்தது. கனத்தது, இழுத்தது, விறுவிறுவென்று மேலே ஏறியது.

எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்வது லேசில் வராது. காபி வேண்டாம் என்பதற்கே, "இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தேன்" என்போம். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்தும் தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்று சொல்வதுதான் சரி.

கை நன்றாகிக்கொண்டு வருகிறது என்று நான் நம்பினேன், அதனால் அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். மேடம் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் சொல்லியிருந்தார். "உங்க ரசத்துக்குப் பயந்துதானுங்க போறேன்" என்று சொல்லிக்கொண்டு இவள் போனாள். நானும் சந்தோஷமாக விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேட்டுப்பாளையத்துக்காரர் திரைக்குப் பின்னால் போடுகிற சத்தத்தை அப்படியே செய்து காட்டினாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் பக்கம் திரும்பி நின்று, அவளும் சிரித்துக்கொண்டே பேசினாள். திடீரென்று ஒரு வாடை வந்தது. தோசை கருகும் வாடை இல்லை அது. எட்டிப் பார்த்தேன். அவளுடைய வலது உள்ளங்கை தோசைக்கல்லின் ஓரத்தில் அழுந்தி ஊன்றியிருந்தது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். குழாயைத் திறந்து தண்ணீரில் பிடித்தேன். தோல் கழன்று வந்தது. அவள் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். கை எரிகிற மனுஷி ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றாள்.

"தெரியலயா? கை வெந்து போச்சு, தெரியலயா அம்மிணி?" என்று கத்தினேன்.

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் தறியில் கத்துகிற குரலில் கத்தினேன். "அப்பறம் ஊசி தெரியுதுன்னு சொன்னது?"

"தெரியலீங்க" என்றாள். "ஒருக்காலுந் தெரியலீங்க."

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் நிதானமாகச் சொன்னாள். கையைப் பார்க்காதீர்கள் என்று மேடம் சொல்லுவார். அவள் எதிரே உட்கார்ந்திருக்கும் என் முகத்தைப் பார்ப்பாள். ஊசி தோலில் ஏறும்போதெல்லாம் என் முகம் சுருங்கும். பாவனை காட்டினால் சுருங்காது. எந்தப் புள்ளியில் ஆழமாகப் போகிறது, எப்போது திருகுகிறார்கள் என்பதெல்லாம் என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதற்குத் திரைக்குப் பின்னால் பாக்கு வியாபாரி இருந்தார்.

"எதுக்கு அம்மிணி?" என்று கேட்டேன். அதற்குள் கோபம் போய்விட்டிருந்தது.

"அந்தம்மா ஒவ்வொருக்காலும் அவ்வளவு ஆசையாக் கேக்கறாங்கோ. எத்தன நாளைக்குத்தானுங்க இல்ல இல்லன்னு சொல்றது? ஒரு நாளு வாயில வந்துபோச்சு. சொன்னதும் நீங்க எந்திரிச்சு நின்னீங்க பாருங்க. அப்படி ஒரு மொகத்த நான் பாத்ததே இல்லீங்க. அதுக்கப்பறம் எப்படீங்க நிறுத்தறது?"

உட்கார்ந்து அழுதேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். அவள் கையை நினைத்து அழுதேனா, அந்த பஸ் பயணங்களை நினைத்து அழுதேனா என்று இப்போதும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

"இனி எங்கிட்டப் பொய் சொல்லாத. ஊருக்கெல்லாம் சொல்லிக்கோ, எங்கிட்ட மட்டும் வேண்டாம்" என்றேன்.

"சொல்லமாட்டேனுங்க" என்றாள்.

புண் ஆறிய பிறகு மேடத்திடம் போனோம். அவளே எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் முகம் வெளுத்துப்போனது. "எம்மேல தப்புங்க அக்கா. நான் எதிர்பாத்துக்கிட்டே கேட்டுப்போட்டேன்" என்றார். இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மேடம் என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் கேள்வியும் பதிலும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தன.

"தெரியுதுங்களா?"

"இல்லீங்க."

எல்லா ஊசிக்கும் அதே பதில். ஒரு கட்டத்தில் கேள்வியும் நின்றுவிட்டது. நான் உள்ளே போனபோது மேடம் ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்து, "இந்தக் கைக்கு இதுக்கு மேல வருமுன்னு எனக்குத் தோணலீங்க. வீணா உங்கள அலையவுடக் கூடாது" என்றார். அவர் அப்படி நேராகச் சொன்னதற்காக நான் அவரை மதிக்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

என் மனைவி எழுந்திருக்கவில்லை. "மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்தக் கையில ஒரு ஊசி வெய்யுங்க" என்று இடது கையை நீட்டினாள். "எப்படித்தான் இருக்குதுன்னு பாத்துக்கறனுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதம் தினுசு தினுசாக வர்ணித்தாளே, அந்த உணர்ச்சி எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தெரிந்ததில்லை. நோய்ப்பட்ட பக்கத்துக்காக நல்ல பக்கத்தில் ஊசி வைப்பதும் சீனர்களின் பழைய முறைதான் என்று மேடம் சொன்னார், ஆனால் இப்போது வைப்பது வைத்தியமாக இல்லை என்றார். இடது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சுத்தம் செய்து ஒரே ஓர் ஊசி வைத்தார். மெதுவாகத் திருகினார். என் மனைவி யார் முகத்தையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வாய் லேசாகத் திறந்தது. பிறகு கண்ணீர் வந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"இப்படீங்களா இருக்கும்?" என்றாள். "எறும்பு ஊர்றாட்டமெல்லாம் இல்லீங்களே. உள்ளுக்குள்ள ஆரோ வந்து நிக்கறாட்டம் இருக்குதுங்களே. நான் சொன்னதெல்லாம் தப்புங்க."

மேடம் ஊசியை எடுக்கப் போனார். "செத்த நேரம் இருக்கட்டுங்க" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் போதும் என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அதன் பிறகு கிளினிக்குக்குப் போகவில்லை. ஆனால் வாரத்தில் அந்த இரண்டு நாட்களிலும் பஸ் ஏறுவதை நாங்கள் நிறுத்தவில்லை. காந்திபுரத்தில் இறங்கி ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். வலது கையை அவள் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். நான் இடது பக்கம் உட்கார்ந்துகொள்வேன். கூட்டத்தில் பஸ் குலுங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். "உங்க கை சொரசொரன்னு இருக்குது" என்பாள். தெரிவதைத் தெரிகிறது என்றும் தெரியாததைத் தெரியவில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். எதையும் நான் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வெயில் காலத்தில் அவளுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை, ஆனாலும் வந்தது. இந்த முறை மூளையின் மறுபக்கம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விட்டபோது அவளுக்கு நினைவு இருந்தது, குழறலாகப் பேச்சும் இருந்தது. இடது பக்கம் முழுவதும் துணி மாதிரி கிடந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகளை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். மகள் அன்னூரிலிருந்து கிளம்பிவிட்டாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இடது கையை எடுத்து என் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டேன். கை வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினேன்.

"நான் புடிச்சிருக்கறது தெரியுதா அம்மிணி?"

அவள் மெல்லத் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். நான் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்பது அங்கே எழுதி ஒட்டியிருந்திருக்கும், அதைப் படிக்க அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"இல்லீங்க" என்றாள்.

சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். தெரியுதுங்க என்று சொல்லியிருந்தால் நான் அப்படியே நம்பியிருப்பேன்.